எட்டு எக்ஸ் போதும்

பைனாகுலர் பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நம்பிக் காசு கொடுத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மதுரையில் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே என் மேசை. ஃபிலிம் கேமரா இருந்த காலத்தில் ஷட்டர் சரிசெய்து பிழைத்தவன். இப்போது பைனாகுலர், கல்லூரி மைக்ராஸ்கோப், சர்வேயர்கள் கொண்டுவரும் லெவல் கருவி என்று லென்ஸ் உள்ள எதையும் திறந்து பார்ப்பேன். மார்கழியிலும் தையிலும் பைனாகுலர்தான் வேலை. கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும், அரையாண்டு விடுமுறை, பின்னாலேயே பொங்கல். பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகலாம் என்று குடும்பங்கள் முடிவு செய்வது அப்போதுதான். அவசரத்தில் போனில் தட்டி ஒரு பைனாகுலரை வரவழைப்பதும் அப்போதுதான்.

“அண்ணே, முப்பதுக்கு அறுபதுன்னு போட்டிருக்கு. ஆனா கொக்கு கிட்டவே வர மாட்டேங்குது. என்ன ரிப்பேருன்னு பாருங்க.”

ரிப்பேர் ஒன்றும் இல்லை. மேசையில் கிடக்கும் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து முன் லென்ஸின் குறுக்கே வைத்துக் காட்டுவேன். 30×60 என்றால் முப்பது மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 60 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஸ்கேல் காட்டுவதோ 22. இரண்டாவது எண் பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். முதல் எண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம் மிதப்பது தெரியும். அதை அளந்தால் கிட்டத்தட்ட 2.7 மி.மீ. வரும். முன் லென்ஸின் அகலத்தை இந்த வட்டத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான உருப்பெருக்கம். 22-ஐ 2.7-ஆல் வகுத்தால் எட்டு. பெட்டியில் முப்பது, உள்ளே எட்டு.

எட்டாக இருந்தது வாங்கியவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். உண்மையிலேயே முப்பதாக இருந்திருந்தால் கையில் பிடித்துக்கொண்டு எதையுமே பார்த்திருக்க முடியாது.

மனிதக் கை நடுங்கும். வயசாளி, இளவட்டம் என்ற வித்தியாசம் இதற்கு இல்லை. எட்டு எக்ஸ் கருவி பறவையை எட்டு மடங்கு பெரிதாக்கும்போது உங்கள் கை நடுக்கத்தையும் எட்டு மடங்கு ஆக்கும். பத்தில் அது பத்து மடங்கு. பழகிய கை பத்தைச் சமாளிக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் ஸ்டாண்டு வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையில் நடக்கும் குடும்பம் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரியாது.

வெளிச்சமும் இதே போலத்தான். முன் லென்ஸ் எவ்வளவு ஒளியை வாங்குகிறதோ அவ்வளவுதான் கையிருப்பு. ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்தால் தோசை மெலியும். அதே ஒளியை முப்பது மடங்கு இழுத்தால் படம் இருண்டு போகும். நான் மேலே சொன்ன வெள்ளை வட்டம்தான் இதற்கு அளவுகோல். 8×42 பைனாகுலரில் 42-ஐ எட்டால் வகுத்தால் வட்டம் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 10×42-இல் 4.2. சட்டைப்பைக்குள் போடும் 10×25-இல் வெறும் 2.5. நல்ல பகலில் நம் கண்பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், அதனால் உச்சி வெயிலில் சின்ன வட்டமும் போதும். பறவைகள் உச்சி வெயிலில் நமக்காகக் காத்திருப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் கண்பாவை விரிந்திருக்கும்போது 2.5 மி.மீ. வட்டத்தின் வழியாகப் பார்த்தால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒரே கரிய உருவம். பெரிய வட்டத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கண் கொஞ்சம் இப்படி அப்படி விலகினாலும் படம் மறையாது. பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அவர்கள் ஆடாமல் நிற்க மாட்டார்கள்.

மூன்றாவது, பார்வைப் பரப்பு. நல்ல எட்டு எக்ஸ் கருவியில் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 125 முதல் 140 மீட்டர் அகலமுள்ள இடம் தெரியும். பத்தில் அது பெரும்பாலும் 105, 110 என்று சுருங்கிவிடும். கருவேலம் புதருக்குள் துள்ளித் துள்ளி இடம் மாறும் தையல்சிட்டைத் தேடிப் பாருங்கள், அந்த முப்பது மீட்டரின் அருமை விளங்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் குடும்பத்துக்கு எட்டு எக்ஸ், முன் லென்ஸ் 40 அல்லது 42 என்று சொல்கிறேன். சுமை குறைய வேண்டுமானால் 8×30, 8×32. ஜூம் வைத்த பைனாகுலரை யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன். விலை குறைந்த ஜூமில் பரப்பு குறுகும், படம் மங்கும், கொஞ்ச நாளில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவில் படம் காட்டும். ஃபோகஸ் செய்யவே தேவையில்லை என்று விற்கும் வகையும் ஆகாது. அதில் கருவி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்கிறது. நாற்பது தாண்டிய கண்ணால் அது முடியாது.

எண்களைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கடைக்குள் வருகிறவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: வீட்டில் யார் யார் பார்க்கப் போகிறீர்கள்?

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. கண்ணாடி போட்ட மனைவி. கண்ணாடி போடாத, ஆனால் இரண்டு கண்ணுக்கும் பார்வை கொஞ்சம் வேறுபட்ட மருமகன். ஒரே பைனாகுலர் மூன்று பேர் கையில் மாறும்.

பேத்தியின் கண்களுக்கு இடையே தூரம் குறைவு. பெரியவர்களுக்கு இரு கண்பாவைகளுக்கு நடுவே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 50, 55 என்று இருக்கும். பெரும்பாலான 8×42 கருவிகளை முழுக்க மடக்கினாலும் 56, 58-க்குக் கீழே வராது. அப்போது பிள்ளைக்கு இரண்டு வட்டமும் ஒன்று சேராது, ஒரு பக்கம் கறுப்பாகத் தெரியும். “தாத்தா, ஒண்ணுமே தெரியல” என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் முகத்துக்குக் கருவி பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். ஆகவே வாங்கும்போது பிள்ளையைக் கையோடு கூட்டி வாருங்கள். மடக்கிப் பிடிக்கச் சொல்லி, “எத்தனை வட்டம் தெரியுது?” என்று கேளுங்கள். ஒன்று என்று சொன்னால் சரி. இரண்டு என்றால் வேறு எடுங்கள். கோவா ஒய்எஃப் 6×30 போன்ற சின்ன உருவக் கருவிகள் 50 மி.மீ. வரை மடங்கும். ஆறு எக்ஸ்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆறில் நடுக்கம் குறைவு, பரப்பு அதிகம், எட்டு வயதுக் கைக்கு அதுதான் தோது. நம்மூர்க் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பட்டாம்பூச்சி, தட்டான், சிலந்தி என்று குனிந்தே நடக்கும் பிள்ளை என்றால் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 என்று ஒன்று இருக்கிறது. அரை மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யும். எடை 300 கிராமுக்குள். எருக்கம்பூவில் உட்கார்ந்த வண்டின் காலில் உள்ள முடி தெரியும். விடியற்கால வெளிச்சத்துக்கு ஆகாது, விலையும் சின்ன உருவத்துக்குக் கூடுதல்தான். ஆனால் வீட்டில் இரண்டாவது கருவி வாங்க வசதி இருந்தால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் தூரம் என்ற ஒரு அளவு முக்கியம். பின் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கண் இருந்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரர்களுக்கு அது 15-க்குக் குறையக் கூடாது, 17 இருந்தால் நிம்மதி. கருவியில் கண் படும் இடத்து ரப்பர் வளையம் திருகினால் மேலே எழும், அல்லது மடங்கும். கண்ணாடி போட்டிருந்தால் அதை இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏற்றிக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கவிட்டவர்கள்கூட அந்த வளையம் திரும்பும் என்று தெரியாமல் என்னிடம் வந்திருக்கிறார்கள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கழற்றாமல் பார்ப்பதே நல்லது.

மருமகன் மாதிரி இரு கண்ணும் வேறுபட்டவர்களுக்காகத்தான் வலது கண் பக்கம் ஒரு தனி வளையம் வைத்திருக்கிறார்கள். வலது பக்கத்து முன் லென்ஸை மூடிக்கொண்டு, இடது கண்ணால் தூரத்தில் ஒரு போர்டைப் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருகி அதே போர்டைத் தெளிவாக்குங்கள். இதற்குப் பிறகு உங்களுக்கு நடுச் சக்கரம் மட்டும் போதும். கருவி கைமாறும்போதுதான் சிக்கல். எங்கள் வீட்டுக் கருவியின் வலது வளையத்தில் நெயில் பாலிஷால் மூன்று நிறத்தில் புள்ளி வைத்திருக்கிறோம். சிவப்பு மனைவிக்கு, நீலம் மருமகனுக்கு, பச்சை பேத்திக்கு. எனக்கு நடுவில் நின்றாலே சரியாக இருக்கிறது.

இனி காசு. ஒளியை மடக்கி அனுப்பும் முப்பட்டைக் கண்ணாடிகள், அதாவது பிரிஸங்கள், இல்லாமல் நல்ல பைனாகுலர் இல்லை. அவற்றை வைக்கும் முறை இரண்டு. முன் லென்ஸ்கள் அகன்றும் கண் பக்கம் நெருங்கியும், தோள் வைத்தது போன்ற பழைய உருவம் ஒன்று. இதைப் போரோ என்பார்கள். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. அதை வைத்து ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி 1894-இல் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்னொன்று இரண்டு நேர்க்குழாய்களாக இருக்கும் ரூஃப் வகை. பார்க்க ஒல்லியாக, நவீனமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒளி போகும் பாதை சிக்கலானது. அதைச் சரியாக வடிவமைக்க வேண்டும், சில பரப்புகளுக்குத் தனிப் பூச்சுகள் போட வேண்டும். அந்தச் செலவைக் குறைத்த மலிவு ரூஃப் கருவியில் படத்தின் கூர்மை போய்விடும். போரோவுக்கு அந்தப் பூச்சுகள் தேவையே இல்லை. அதனால் பத்தாயிரம் ரூபாய்க்குள் கண்ணுக்குக் கிடைக்கும் படத்தை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு போரோவுக்குத்தான்.

நிக்கான் அக்குலான் ஏ211 8×42, ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் 1 இரண்டும் நான் பலருக்குச் சொல்லி, திரும்பி வந்து யாரும் திட்டாத கருவிகள். விலை ஏறி இறங்கினாலும் பொதுவாகப் பத்தாயிரத்துக்கு உள்ளே கிடைக்கும். அக்குலானின் பார்வைப் பரப்பு ஒரு கிலோமீட்டருக்கு 140 மீட்டர், விலைக்கு இது அபாரம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடை முக்கால் கிலோ. ஐந்து மீட்டருக்குள் இருப்பது தெளியாது, ஆகவே பட்டாம்பூச்சிக்கு உதவாது. கண் தூரம் 12 மி.மீ.தான், கண்ணாடிக்காரர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்படும். தண்ணீர் புகாத கருவியும் அல்ல. இந்தக் குறைகள் உங்களைப் பாதிக்கும் என்றால் இன்னும் சில ஆயிரம் கூட்டி நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42, செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42 போன்ற ரூஃப் வகைக்குப் போகலாம். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியிருப்பார்கள், மழைக்குப் பயமில்லை, எடையும் குறைவு. என் மனைவி கையில் இருப்பது இந்த வகைதான். ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா எல்லாம் லட்சத்தைத் தாண்டிய சமாச்சாரம். ஒரு டாக்டர் சர்வீஸுக்கு முன்னால் சும்மா பார்க்கச் சொல்லி ஒன்றை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துக்குள்தான் முடியும் என்றால்? பைனாகுலர் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் படம் போட்ட நல்ல பறவைப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்கத் தொடங்குங்கள். பனங்காடை, கரிச்சான், கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், மீன்கொத்தி எல்லாவற்றையும் கரண்டுக் கம்பியிலும் வயல் வரப்பிலும் கருவி இல்லாமலே அடையாளம் பிடிக்கலாம். அடுத்த பொங்கலுக்குள் மீதிப் பணம் சேர்ந்துவிடும்.

கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை சில உண்டு. அதே வெள்ளை வட்டத்தை மறுபடி பாருங்கள். வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் சீவி எடுத்தது மாதிரி மூலை தெரிந்தால் உள்ளே இருக்கும் பிரிஸம் மலிவான கண்ணாடி. பிறகு முன் லென்ஸில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லாத கண்ணாடி. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். பைனாகுலருக்குள் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வராமலே போச்சு. சிவப்பாக மின்னும் லென்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு, அதன் வழியே பார்த்தால் உலகம் பச்சை பூத்துத் தெரியும். இரவிலும் பார்க்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அந்தக் கடையில் மற்ற எண்களையும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனையை யாரும் செய்வதில்லை. எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள், நேர்க்கோடாக எது இருந்தாலும் சரி. பார்த்துக்கொண்டே கருவியை முகத்திலிருந்து மெல்ல நாலைந்து அங்குலம் விலக்குங்கள். இப்போது இரண்டு தனி வட்டங்கள் தெரியும். இரண்டிலும் கோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா? ஒன்றில் ஏறியும் ஒன்றில் இறங்கியும் இருந்தால் இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. நம் மூளை கெட்டிக்காரத்தனமாக இரண்டு படத்தையும் இழுத்து ஒட்டிவிடும், அதனால் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் தலைவலி, குமட்டல். தலைவலிக்கு வெயில் மேல் பழி போட்டுவிட்டுக் கருவியைப் பரணில் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். புதுக் கருவியிலேயே இந்தக் கோளாறு இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றைக்கே இதைச் செய்து பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். ஒருமுறை சிமெண்டுத் தரையில் விழுந்த போரோவுக்கு இது கட்டாயம் வரும். நல்ல கருவியானால் பிரிஸத்தைச் சாய்க்கும் சின்ன ஸ்க்ரூக்களைத் திருகி நான் சரிசெய்துவிடுவேன். மலிவுக் கருவியில் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், திருக ஒன்றும் இருக்காது.

என் மேசைக்கு வரும் இன்னொரு நோயாளி பங்கஸ். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்திலிருந்து வரும் கருவிகளில் லென்ஸுக்குள் வெள்ளையாக வேரோடிக் கிடக்கும். அடைப்பில்லாத போரோவில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருகும்போது கண் பக்கத்துக் குழாய்கள் முன்னும் பின்னும் போகும். ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் காற்றும், காற்றோடு ஈரமும் போய்விடும். பிறகு தோல் உறைக்குள் போட்டு மூடி, இருட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? துடைத்து எடுத்தாலும் அது லென்ஸின் பூச்சைத் தின்ற தடம் போகாது. தோல் உறையைத் தூர வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், இது போதும். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் வறுத்து மறுபடி போடுங்கள். அதைவிட நல்லது, கருவியை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. லென்ஸில் தூசி விழுந்தால் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் பம்பால் ஊதுங்கள், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. தூசியோடு தேய்த்தால் மணலால் தேய்த்ததாகவே கணக்கு.

பிள்ளைகளுக்குப் பறவையைக் காட்டித் தொடங்காதீர்கள். பறவை பறந்துவிடும், பிள்ளை அழும். பேத்திக்கு நான் முதலில் காட்டியது சித்திரை வீதியில் நின்று மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்து சுதைச் சிற்பங்களை. அவை எங்கும் ஓடாது, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். “பச்சை மூஞ்சி பூதம் எத்தனாவது அடுக்குல இருக்கு, கண்டுபிடி” என்றால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. முதலில் வெறும் கண்ணால் இடத்தைப் பிடிக்க வேண்டும், பிறகு பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பிள்ளைக்குப் பறவை தப்பாது. முழங்கைகளை விலாவில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், மரமோ சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கழுத்து வாரைச் சுருக்கி, கருவி நெஞ்சோடு நிற்கும்படி செய்யுங்கள். தொப்புளில் தொங்கினால் ஓடும்போது எங்காவது மோதி, மறுநாள் என் மேசைக்கு வரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சூரியனைப் பைனாகுலரால் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. உதயம், அஸ்தமனம் என்ற சலுகையும் இல்லை. முன் லென்ஸ் வாங்கும் வெயில் முழுவதும் விழித்திரையில் குவியும், போன பார்வை திரும்பாது. அதனால் கரையில் நிற்கும்போதே சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள். பறவையின் நிறமும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

எட்டு எக்ஸ் என்ன காட்டும் என்று தெரிய வேண்டுமானால் மதுரைக்காரர்கள் சாமநத்தம் கண்மாய்க்கு ஒரு காலையில் போய் வாருங்கள். வெறும் கண்ணுக்கு எல்லாம் ‘கொக்கு’. கருவியை எடுத்ததும் கூட்டம் பிரியும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். மஞ்சள் மூக்கு நாரைக்கு வால் பக்கம் ரோஸ் நிறத்தைத் தொட்டுப் பூசியிருப்பது தெரியும். அரிவாள் மூக்கன், தட்டை அலகைத் தண்ணீருக்குள் இடமும் வலமும் அலசும் கரண்டிவாயன், சிவப்புக் கால்களை மடக்கி மடக்கி வைக்கும் நெடுங்கால் உள்ளான். கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள். போகாமலே பார்க்கத்தானே இத்தனை செலவு. 2015-இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கால் மணி நேரம் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் உங்கள் வீட்டுக் கணக்கும் அதில் சேரும். வீட்டு மொட்டைமாடியில் நின்று எண்ணினாலும் செல்லும்.

ஒரு வருடம் கழித்துச் சிலர் திரும்பி வருவார்கள். முகத்தைப் பார்த்ததுமே என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

“அண்ணே, இனிமே பத்து எக்ஸ் வாங்கலாமா?”

“எங்க போறீங்கன்னு சொல்லுங்க. சாமநத்தம்னா வேண்டாம். அரிட்டாபட்டிக்கு அடிக்கடி போவீங்கன்னா வாங்குங்க.”

மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு எல்லாம் அந்தப் பாறைக் குன்றுகளில் உட்காரும். பறவை பாறை உச்சியில், நாம் அடிவாரத்தில். கிட்டே நெருங்க வழியும் இல்லை, நெருங்கவும் கூடாது. வல்லூறு ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும், பின்னால் வெறும் பாறை, மேலே வெட்ட வானம், ஆகவே பரப்பு குறைந்தாலும் தேட வேண்டியதில்லை. சாய்ந்துகொள்ளவும் பாறை இருக்கிறது. நெஞ்சில் கோடு எப்படி ஓடுகிறது, கண்ணுக்குக் கீழே கறுப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அங்கே 10×42 நன்றாக உதவும்.

“அப்ப பழைய எட்டை வித்துரட்டுமா?”

வீட்டில் பிள்ளை இருந்தால் விற்காதீர்கள். இல்லை, விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் பில்லோடும் பெட்டியோடும் என்னிடமே கொண்டு வாருங்கள். எட்டு எக்ஸ் பழசு வந்தால் சொல்லுங்கள் என்று பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் என் நோட்டில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறார்கள். பத்து எக்ஸ் பழசு கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.